கொள்கலனில் மூட்டையில்லாமல் வந்த சோயா புண்ணாக்கு: காற்றடித்து இறக்க வழியுண்டா?

கந்தப்பளையான்:

எல்லோருக்கும் வணக்கம். நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் ஒரு சின்ன மாட்டுத்தீவனக் கலவை நிலையத்தில் ஸ்டோர் பார்க்கிறேன். சுற்றியிருக்கிற தேயிலைத் தோட்டங்களில் லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால் ஒரு பசு, இரண்டு பசு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள்தான் எங்களிடம் வாங்குகிறார்கள். தீவனம் ஒரு வாரம் பிந்தினால் அந்த வீட்டில் பால் காசு குறையும். அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

முன்பு சோயா புண்ணாக்கு 50 கிலோ மூட்டையாக வரும். இப்போது விலை குறைகிறது என்று முதலாளி கொழும்பில் பேசி, 20 அடி கொள்கலனுக்குள் மொத்தமாகக் கொட்டி அனுப்புகிற முறைக்கு மாறிவிட்டார். கொள்கலனின் உட்புறம் முழுக்க ஒரே பெரிய பொலித்தீன் லைனர். கதவைத் திறந்தால் குறுக்கே இரும்புச் சட்டங்கள், அதற்குப் பின்னால் வெள்ளைச் சாக்குத் துணி மாதிரி ஒரு தடுப்பு, அதன் கீழ்ப்பக்கம் கயிற்றால் கட்டிய ஒரு வாய். கட்டை அவிழ்த்ததும் நாலைந்து மூட்டை அளவு சரசரவென்று கொட்டும். அப்புறம் நின்றுவிடும். உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் வாய்க்கு நேரே ஒரு குழி. அதைச் சுற்றிச் சரக்கு செங்குத்தாக நிற்கிறது. மூங்கில் கம்பால் குத்தினால் ஒரு கூடை விழும், மறுபடி நிற்கும்.

கடைசியில் தடுப்பைக் கிழித்து, வேலைக்கு வருகிற அக்காமார் நாலு பேர் உள்ளே ஏறி மண்வெட்டியால் இழுத்துத் தள்ளினார்கள். சீலைத் தலைப்பை முகத்தில் சுற்றிக்கொண்டும் தூசி விடவில்லை. இமை மயிரெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஒரு அக்காவுக்கு இரவு முழுக்க இருமல். பின்னேரம் பனி இறங்கியதும் வெளியே சிந்தியது எல்லாம் களியாகி சீமெந்துத் தரையில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு முடியவில்லை. கொள்கலனைப் பிந்தித் திருப்பியதற்கு வேறு காசு கட்டினோம்.

அடுத்தது வருகிறது. பக்கத்து கராஜ்காரர் தன்னுடைய கொம்பிரசரைக் கொண்டுவந்து, அரை அங்குலக் குழாயை லைனருக்குள் விட்டு 8 பார் அழுத்தத்தில் அடித்தால் தானாக வெளியே வரும் என்கிறார். முதலாளிக்கும் அது பிடித்திருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. காற்று வைத்து இறக்குகிற முறை உண்மையில் இருக்கிறதா? இருந்தால் எப்படிச் செய்வது? இனியும் அந்த அக்காமாரை உள்ளே ஏற்ற நான் தயாராக இல்லை.

இறம்பொடை லொறி:

தம்பி, காற்று பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் சரக்கு ஏன் நிற்கிறது என்று சொல்வேன். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை என்று ஏறிவருகிற வழி முழுக்க வண்டியின் முகம் மேலே, கதவு கீழே. இவ்வளவு டன்னும் கதவுப் பக்கமாகவே சாய்ந்து, வளைவுக்கு வளைவு குலுங்கிக் குலுங்கி இறுகுகிறது. நீங்கள் வாயைத் திறக்கிற இடமும் அதே கதவுதான். வழியிலேயே மிக இறுகிய இடத்தில் போய் ஓட்டை போடுகிறீர்கள். மணல் ஏற்றினாலும் இதே கதைதான், பின் பலகைப் பக்கம் மட்டும் கல்லாக இருக்கும்.

இன்னொன்று. வந்து நின்றதும் இரவு முழுக்க நிறுத்திவைக்க வேண்டாம். வைக்க வைக்க இன்னும் இறுகும். காலையில் வந்தால் காலையிலேயே திறவுங்கள்.

இடையில் ஒரு கேள்வி. எங்கள் பக்கத் தோட்டங்களுக்கு டொலமைட்டும் (மண்ணுக்குப் போடுகிற சுண்ணாம்புக்கல் தூள்) யூரியா உரமும் ஏற்றுகிறேன். அதற்கும் இப்படிக் காற்று முறை சரிவருமா?

நோர்வூட்காரன்:

தம்பி, முதலில் கராஜ்காரரிடம் கொம்பிரசரைக் கொண்டுவர வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

நான் நோர்வூட்டில் பிறந்து வளர்ந்தவன். துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இந்த மாதிரி லைனர் கொள்கலன்களை இறக்கும் யார்டில்தான் என் வேலைக்காலம் போனது. மாவு, சீனி, பிளாஸ்டிக் குருணை, சுண்ணாம்புத் தூள் எல்லாம் இந்தக் கையால் இறக்கியிருக்கிறேன்.

கொள்கலன் பார்ப்பதற்குக் கோட்டை மாதிரி இருக்கும். ஆனால் அதன் பலம் முழுக்க மூலைத் தூண்களிலும் அடிச்சட்டத்திலும். பக்கச் சுவர் மெல்லிய நெளி தகடுதான். கொள்கலன்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 1496இன்படி, ஏற்றக்கூடிய சரக்கு எடையில் 0.6 பங்கைப் பக்கச் சுவரும், 0.4 பங்கைக் கதவும் தாங்கினால் பரிசோதனையில் தேறிவிடும். 28 டன் ஏற்றுகிற 20 அடிக் கொள்கலனுக்குப் போட்டுப் பாருங்கள். பக்கச் சுவருக்கு 17 டன் அளவு வரும், சுவரின் பரப்பு சுமார் 14 சதுர மீட்டர். அழுத்தமாக மாற்றினால் 0.12 பார். கதவுக்கு 0.2 பார். அதிலும் ஒரு பங்கைச் சரக்கே ஏற்கனவே அழுத்திக்கொண்டிருக்கிறது. இதற்குள் 8 பார் குழாயைச் செருகி, மேலே காற்று போக வழி வைக்காமல் விட்டால் சில நிமிடத்தில் சுவர் வயிறு தள்ளும், அல்லது தடுப்புத் துணி கிழிந்து முன்னால் நிற்பவர் மேல் சரக்கு வந்து விழும். குழாய் முனையில் ஒரு பொந்து விழுவதைத் தவிர சரக்கு அசையவும் அசையாது.

சரக்கைத் தளர்த்த எவ்வளவு அழுத்தம் வேண்டும் தெரியுமா? சோயா புண்ணாக்கு ஒரு கன மீட்டர் சுமார் 600 கிலோ. ஒரு மீட்டர் உயரத்துக்கு அது நின்றால் அடியில் அழுத்தம் 0.06 பார். அடியிலிருந்து காற்று அவ்வளவு கொடுத்தால் போதும், சரக்கின் பாரத்தைக் காற்று ஏற்றுக்கொண்டுவிடும். இரண்டு மீட்டர் என்றால் 0.12. அதனால் இந்த வேலைக்குத் தேவையானது அழுத்தம் குறைந்த, அளவு கூடிய காற்று. டயருக்குக் காற்றடிக்கிற மெஷின் இதற்கு நேர் எதிர்.

யார்டில் காற்றை மூன்று விதமாகப் பாவிப்போம். நைசான தூளுக்கென்றே ஒரு லைனர் உண்டு. வாய்ப் பக்கத்தில் அதன் தரை இரண்டு அடுக்கு. மேலடுக்கு காற்றுப் புகுகிற நெய்த துணி. அடியில் காற்றை விட்டால் துணி வழியாகப் பரவலாக ஏறி, தூள் தண்ணீர் மாதிரி இளகி வாயை நோக்கி ஓடும். கொள்கலனைக் கொஞ்சம் சாய்த்தாலே போதும். இரண்டாவது, லைனருக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமான காற்றுப் பைகள். பாதி இறங்கியதும் அவற்றை மெதுவாக ஊதினால் பக்கங்களில் தங்கியது நடுவுக்குச் சரியும். மூன்றாவதில் காற்று உள்ளே போவதே இல்லை. வாய்க்குக் கீழே ஒரு புனல், அதன் அடியில் சுழல்கிற ரோட்டரி வால்வு. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் விட, புளோவர் (காற்று ஊதுகிற மெஷின்) அதைச் சைலோவுக்கு, அதாவது உயரமான சேமிப்புத் தொட்டிக்கு, தள்ளிக்கொண்டு போகும். இந்த மூன்றிலும் கொள்கலனைச் சாய்ப்பது டிப்பிங் ட்ரெய்லர். இறக்குகிற வேலையைச் சாய்வும் பாரமும் செய்யும், காற்று துணைக்கு இருக்கும்.

இனி உங்கள் சரக்குக்கு வருவோம். சோயா புண்ணாக்கு ஒரே சீரான தூள் கிடையாது. மாவும் இருக்கும், அவல் மாதிரித் துண்டும் இருக்கும், கட்டியும் இருக்கும். அடியிலிருந்து காற்று விட்டால் சீராக இளகாது. காற்று தனக்குச் சுலபமான ஒரு வழியைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும், மற்ற இடம் அப்படியே நிற்கும். அதனால் முதல் வகை லைனரைச் சோயாவுக்குத் தேட வேண்டாம். காற்றுப் பை உதவும். அனுப்புகிறவரிடம் அடுத்த முறை பை வைத்த லைனர் போடச் சொல்லலாம், அது ஏற்றும்போதே போட வேண்டியது. வந்த பிறகு நாம் செருக முடியாது.

மலைநாட்டுக்கென்று இரண்டு விஷயம் இருக்கிறது. கடற்கரையில் வேலை செய்த எங்களுக்கு அது பிரச்சினையாக இருக்கவில்லை.

ஒன்று, நம் காற்றே மெலிந்தது. நுவரெலியா 1868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் 0.81 பார் அளவுதான். குளிரையும் சேர்த்துப் பார்த்தாலும் கொழும்புக் காற்றின் அடர்த்தியில் ஆறில் ஐந்து பங்குதான் கிடைக்கும். கொழும்பில் ஓடிய புளோவரை அப்படியே மேலே கொண்டுவந்தால் அது தள்ளுகிற காற்றின் எடை ஆறில் ஒன்று குறையும். அதே அழுத்தம் கொடுக்கக் காற்று ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சூடேறும். மோட்டரையும் பாருங்கள். தகட்டில் வேறு ஒன்றும் எழுதாவிட்டால் அதன் கணக்கு 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். நம் குளிர் அதற்குக் கொஞ்சம் ஈடு செய்யும். ஆனாலும் வாங்கும்போது ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நல்லது.

மற்றது ஈரம். பனி மூடிய பின்னேரம் 15 பாகையில் காற்று கிட்டத்தட்ட நிறைந்த ஈரத்தோடு இருக்கும். அதைப் புளோவர் 0.4 பார் அழுத்தியதும் பனிநிலை, அதாவது ஈரம் தண்ணீராகக் கோர்க்கத் தொடங்குகிற வெப்பநிலை, 20 பாகைக்கு மேல் போய்விடும். புளோவரிலிருந்து சூடாக வருவதால் முதலில் ஒன்றும் தெரியாது. நீளக் குழாயில் போகப் போகக் குளிர்ந்து, குழாய்ச் சுவர் 12 பாகையில் இருந்தால் உள்ளே தண்ணீர் கோர்த்துவிடும். நீங்கள் தரையில் பார்த்த களி குழாய்க்குள் வரும். முதலில் வளைவுகளில் பிடிக்கும். அதனால் காற்று வேலையைக் காலை பத்து மணிக்கும் பின்னேரம் இரண்டு மணிக்கும் நடுவில் முடிக்கப் பாருங்கள். புளோவர் உறிஞ்சுகிற வாயைக் கட்டிடத்துக்குள், உலர்ந்த பக்கத்தில் வையுங்கள். சரக்கு விடுவதற்கு முன்னும் பின்னும் வெறும் காற்றைக் கொஞ்ச நேரம் ஓட விட்டால் குழாய் காயும்.

லொறி அண்ணன் கேட்டதற்கு: டொலமைட் நைசான தூள், எரியவும் எரியாது. காற்றுத் துணி லைனருக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு நம் பக்கம் இல்லை. யூரியாவுக்குக் காற்றே வேண்டாம். குருணை தானாக ஓடும். காற்றின் ஈரம் 30 பாகையில் 73 சதவீதத்தையும், நம் குளிரில் 80 சதவீதத்தையும் தாண்டினால் அது ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும். நம் பனிக்காற்றை அதற்குள் ஊதினால் காலையில் பாறைதான்.

கந்தப்பளையான்:

அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. கணக்கை அப்படியே முதலாளியிடம் காட்டினேன். கொம்பிரசர் பேச்சு அடங்கிவிட்டது.

எங்களிடம் டிப்பிங் ட்ரெய்லர் இல்லை. கொழும்பிலிருந்து வாடகைக்கு வரவழைக்கக் கட்டுபடியாகாது. எங்கள் முற்றம் ஒரு பக்கம் சரிவு. கதவு கீழே வருகிற மாதிரி அதில் நிறுத்திக் காற்றுப் பையும் வைத்தால் போதுமா?

இன்னொன்று, இதைச் சொல்லவேண்டுமா தெரியவில்லை. போன முறை கதவைத் திறந்தபோது லேசாகப் பூண்டு வாசம் மாதிரி வந்தது. கதவில் ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர், மண்டையோடு படம் போட்டது. பாதி கிழிந்திருந்தது. இருமிய அக்காவுக்குத் தலையிடியும் இருந்தது என்று பிறகுதான் சொன்னார்.

நோர்வூட்காரன்:

தம்பி, சரிவு பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கொள்கலனுக்குள் வேலை செய்தது, பூண்டு வாசம் வந்தது, தலையிடி வந்தது எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள். மற்ற மூன்று பேரையும் விசாரியுங்கள். நெஞ்சு இறுக்கம், வாந்தி, தலைசுற்று, மூச்சுமுட்டு ஏதாவது இருந்தால் அவர்களும் போக வேண்டும்.

அது பொஸ்பின் வாயுவாக இருக்கலாம். தானியமும் புண்ணாக்கும் கப்பலேற்றும்போது பூச்சி பிடிக்காமல் அலுமினியம் பொஸ்பைட் வைப்பார்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பொஸ்பின் கிளம்பிப் பூச்சியைக் கொல்லும். மனிதரையும் கொல்லும், அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழிற்சட்டம் அனுமதிக்கிற அளவு பத்து லட்சத்தில் 0.3 பங்கு மட்டும். பூண்டு அல்லது அழுகிய மீன் வாசம் வரும் என்பார்கள். வாசம் வரவில்லை என்பதை வைத்து உள்ளே ஏற முடியாது.

மண்டையோடு ஸ்டிக்கர் ஒட்டிய கொள்கலனில் என்ன மருந்து எப்போது போட்டார்கள், எப்போது காற்றாட விட்டார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். வாயு போய்விட்டது என்ற சான்றிதழை அனுப்பியவரிடம் எழுத்தில் கேளுங்கள். அது வராமல் கதவைத் தொட வேண்டாம். வந்த பிறகும் கதவைத் திறந்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் ஆட்களைத் தூர ஒதுக்கிவிட்டு நன்றாகக் காற்றாட விடுங்கள். வாயு அளக்கிற மீட்டர் வைத்திருக்கிற புகையடிப்புக் கம்பனிக்காரரை வரவழைத்து அளப்பதுதான் சரி.

நீங்கள் காற்று முறை கேட்டதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். சரக்கு இடுக்கில் வாயு தங்கியிருக்கும்போது அடியிலிருந்து காற்று ஊதினால் அவ்வளவும் வாய் வழியாக, பை பிடித்துக்கொண்டு நிற்பவர் முகத்துக்கே வரும். முழுதாக வாயுவாகாத மருந்துத் தூள் மிச்சம் இருந்து அதில் நம் பனிக்காற்று பட்டால் புதிதாகவும் வாயு கிளம்பும். அளக்காமல் ஊதவே கூடாது.

ரோலிங் ரூம்:

நானும் சேர்ந்துகொள்ளட்டுமா? தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். நோர்வூட் தம்பி சொன்ன "காற்றில் இளகுவது" புதிதாகத் தோன்றினால் பக்கத்துப் பெக்டரிக்குப் போய் எஃப்பிடி டிரையரை (காற்றில் மிதக்கவிட்டுத் தேயிலை உலர்த்துகிற மெஷினை) பாருங்கள். துளைத் தகட்டுக்கு அடியிலிருந்து சூடான காற்று ஏறும். மேலே தூள் கொதிக்கிற கஞ்சி மாதிரித் தளதளவென்று தானாக நகர்ந்து மறுமுனைக்குப் போகும். தள்ளுவதற்கு ஆளோ பெல்ட்டோ இல்லை. ஆனால் உள்ளே வருகிற முனையில் ஈரக் கட்டி விழுந்துவிட்டால் அந்த இடம் கொதிக்காது. கட்டியைச் சுற்றிக் காற்று ஓடிவிடும், கட்டி தகட்டிலேயே கிடந்து கருகும். ரோலில் பந்தாகத் திரளுகிற கொழுந்தை உடைத்து அனுப்பினால்தான் டிரையர் ஒழுங்காக ஓடும். சோயாவில் கட்டியும் தூளும் கலந்திருக்கிறது என்று தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

நான் எழுத வந்தது நெருப்புப் பற்றி. டிரையருக்குள் புழுதி தங்கி நெருப்புப் பிடிப்பது பெக்டரியில் வேலை செய்த எவருக்கும் தெரியும். மாவு, சீனி, பால்மா, சோயாத் தூள் எல்லாம் அதே சாதி. குவியலாகக் கிடந்தால் மெதுவாகக் கருகும். காற்றில் பறந்து அடைத்த இடத்தில் மிதந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். 2008 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு சீனி ஆலையில் இப்படித்தான் வெடித்து 14 பேர் செத்தார்கள். பல காலமாக உத்தரத்திலும் தரையிலும் படிந்து கிடந்த சீனித் தூசி, முதல் வெடிப்பின் அதிர்ச்சியில் எழும்பித் தொடர்ந்து வெடித்தது.

காற்றுக் குழாய் போட்டால் நீங்களும் சோயாத் தூசியைக் காற்றில் மிதக்க விடுகிறீர்கள். பிளாஸ்டிக் லைனரிலும் குழாயிலும் தூள் உரசி ஓடும்போது மின்னேற்றம் சேரும். கொள்கலன், புனல், குழாய், சைலோ எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டி எர்த் செய்யுங்கள். குழாய் வாங்கும்போது உள்ளே கம்பி ஓடுகிற குழாயாக வாங்கி, அந்தக் கம்பியின் இரண்டு முனையையும் இரும்பில் பிடியுங்கள். வெல்டிங் வேலை அன்றைக்கு அந்தப் பக்கமே வேண்டாம். இப்போது ஸ்டோரில் தொங்குகிற குண்டு பல்பு தூசி புகாத வகைதானா என்றும் பாருங்கள். உத்தரத்துத் தூசியைக் காற்றடித்துப் போக்குகிற பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

நோர்வூட்காரன்:

டீமேக்கர் ஐயா சொன்னதில் ஒரு சொல்லும் விட வேண்டாம்.

சரி தம்பி, உங்கள் சரிவு. முற்றத்துச் சரிவு எவ்வளவு வரும்? எட்டு, பத்துப் பாகை என்று வைத்துக்கொள்வோம். காற்றில் இளகிய டொலமைட் அந்தச் சரிவில் ஓடிவிடும். சோயா புண்ணாக்கு குவித்தால் 35 பாகைக்கு மேலும் நிற்கிற சரக்கு. இறம்பொடை ஏற்றத்தில் இறுகியதற்கு அதுவும் போதாது. ட்ரெய்லரை 45 பாகை வரை தூக்கித்தான் நாங்கள் இறக்கினோம். ஈரச் சரிவில் பிரேக்கை நம்பி இத்தனை டன்னை நிறுத்துவதும் சரியில்லை. அதனால் சரிவு யோசனையை விடுங்கள், கொள்கலனைச் சமதரையில் நிறுத்துங்கள்.

உங்கள் இடத்துக்கு நான் சொல்வது உறிஞ்சுகிற முறை. கீழ் வாயைத் திறக்கவே வேண்டாம். இரும்புச் சட்டங்களை அப்படியே விட்டு, கதவுத் தடுப்பின் மேல் விளிம்பில் மட்டும் வெட்டி, அங்கிருந்து உறிஞ்சு குழாயை நீளக் கைபிடியோடு உள்ளே விடுங்கள். மேலேயிருந்து தொடங்கி அடுக்கடுக்காகக் கீழே வர வேண்டும். அப்படி வந்தால் செங்குத்துச் சுவர் உருவாகாது, சரிந்து விழ ஒன்றும் இருக்காது. மட்டம் இறங்க இறங்க மேல் சட்டத்தை ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மேடையில் நின்று ஒருவர் குழாயைப் பிடித்தால் போதும், பாதிச் சரக்கு இறங்கும்வரை யாரும் உள்ளே போக வேண்டியதில்லை. பிறகு போகிறவரும் காலுக்குக் கீழேதான் சரக்கை வைத்திருப்பார், தலைக்கு மேல் இருக்காது. தூசியும் குழாய்க்குள் போவதால் அக்காமார் முகத்துக்கு வராது.

முனையில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் குழாயைச் சரக்குக்குள் செருகினால் அடைத்துக்கொள்ளும், ஏனென்றால் சரக்கைத் தூக்கிச்செல்லக் காற்று வர வழியில்லை. அதனால் முனை இரட்டைக் குழாயாக இருக்கும். உள் குழாய் உறிஞ்சும், அதைச் சுற்றியுள்ள வெளி உறை வழியாக மேலேயிருந்து காற்று இறங்கி நுனிக்கு வரும். உறையை ஏற்றி இறக்கிக் காற்றுக்கும் சரக்குக்கும் உள்ள அளவைச் சரிசெய்யலாம். நல்ல லேத் வேலைக்காரர் ஹட்டனிலேயே செய்து தருவார். இறுகிய இடத்தில் நுனியால் மெதுவாகக் குத்திக் குத்தி உறிஞ்சினால் பொடிந்து வரும்.

உறிஞ்சியது முதலில் சைக்லோனுக்குள் போய்ச் சுழன்று கீழே விழும். அடியில் ரோட்டரி வால்வு, அதற்குக் கீழே உங்கள் மூட்டை அல்லது தொட்டி. மேலே போகிற காற்று பை வடிகட்டியைத் தாண்டித்தான் புளோவருக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் தூள் புளோவரைத் தின்றுவிடும். சைக்லோனையும் வடிகட்டியையும் கட்டிடத்துக்கு வெளியே, ஆள் நடமாட்டமில்லாத பக்கம் வையுங்கள். வெடிப்பு நடந்தால் திறந்துகொள்கிற பலகை அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கட்டும்.

உயரக் கணக்கு உறிஞ்சுவதில் இன்னும் கடுமை. கொழும்பில் 1 பாரிலிருந்து 0.4 குறைத்தால் 0.6 மிஞ்சும். நமக்கு 0.81இல் அதே 0.4 குறைத்தால் 0.41தான். அதை வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கொண்டுவரப் புளோவர் இரண்டு மடங்காக அழுத்த வேண்டியிருக்கும், சீக்கிரம் சூடேறும். அதனால் குழாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குட்டையாக வைத்து 0.25, 0.3க்குள் வேலை முடிகிற மாதிரி அமையுங்கள். குழாய்க்குள் காற்று விநாடிக்கு 20 மீட்டருக்குக் குறைந்தால் சரக்கு அடியில் படுத்து அடைக்கும். அதனால் குழாயைத் தேவைக்கு மேல் அகலமாகவும் போட வேண்டாம். வளைவு வந்தே ஆகவேண்டிய இடத்தில் பெரிய வட்ட வளைவாகப் போடுங்கள்.

பழைய புளோவர் கொழும்பில் கிடைக்கும். எண்ணெய் கலக்காத காற்றுத் தருகிறதாகப் பார்த்து எடுங்கள், மாடு தின்கிற பொருள். எடுப்பதற்கு முன் அதன் தகட்டை ஒரு படம் பிடித்து இங்கே போடுங்கள். கொள்கலன் நிற்கிற இடத்துக்கும் ஸ்டோருக்கும் உள்ள தூரத்தையும், எத்தனை அடி உயரம் தூக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். குழாய் விட்டத்தை நான் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அக்காவைப் பற்றி டொக்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

கந்தப்பளையான்:

அண்ணே, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. அக்காவை இன்று காலை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நெஞ்சுப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, மூச்சு முட்டினால் உடனே வரச் சொன்னார்கள். மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லை.

சான்றிதழ் இல்லாமல் அடுத்த கொள்கலனைக் கொழும்பிலிருந்து கிளப்ப வேண்டாம் என்று முதலாளியே போன் செய்து சொல்லிவிட்டார். இந்த மாதத்துக்கு மூட்டைச் சரக்கே எடுக்கிறோம். கொள்கலன் நிற்கிற இடத்திலிருந்து ஸ்டோர் கதவுக்கு 11 மீட்டர், தூக்க வேண்டிய உயரம் 14 அடி. ஒரே ஒரு வளைவு வரும். புளோவர் பார்க்க வரும் சனிக்கிழமை கொழும்புக்குப் போகிறேன், தகட்டுப் படத்தை அங்கிருந்தே போடுகிறேன்.